குசினிக்கு எந்தக் கல்?

ரொறன்ரோவில் வசிக்கும் என் தங்கையின் மூத்த மகள் சென்ற மாதம் ஒரு படம் அனுப்பியிருந்தாள். பால்போல் வெளுத்த ஒரு கற்பலகை. அதன் மீது சாம்பல் நிறத்தில் நரம்புகள் ஓடிக்கொண்டிருந்தன. "மாமா, மனையாவெளி வீட்டைத் திருத்தும்போது அம்மாவின் குசினிக்கு இதைத்தான் போட நினைக்கிறோம். கொழும்பில் கிடைக்கிறதாம். இங்கே எங்கள் வீட்டிலும் இதுதான். நன்றாக உழைக்கும் என்கிறார்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?" என்று கேட்டிருந்தாள்.

செய்தித்தாளில் காலம் கழித்த ஒருவனிடம் கருத்துக் கேட்பதில் ஓர் ஆபத்து உண்டு. ஆம் அல்லது இல்லை என்று ஒரு வரியில் முடித்துவிட அவனுக்குத் தெரியாது. நகரிலுள்ள கட்டடப் பொருட் கடைகள் நான்கில் ஏறி இறங்கினேன். மேசன்மார் மூவரிடம் பேசினேன். கல் வெட்டும் இடமொன்றில் ஒரு முற்பகல் முழுவதும் நின்றேன். மருமகளுக்கு எழுதிய பதில் நீண்டுவிட்டது. வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பி ஊரில் வீடு திருத்தும் வேறு பிள்ளைகளுக்கும் உதவக்கூடும் என்பதால் அதையே சற்று விரித்து இங்கு எழுதுகிறேன்.

முதலில், இப்போது அங்கிருப்பது என்னவென்று சொல்லிவிட வேண்டும். என் மைத்துனர் 1979 இல் அந்த வீட்டைக் கட்டியபோது குசினியில் மூன்று அங்குலத் தடிப்பில் சீமெந்துத் தட்டு ஒன்றை வார்த்து, மேலே சிவப்புச் சாயம் கலந்து வழுவழுப்பாகத் தேய்த்திருந்தார். 1990 இல் அவர்கள் வீட்டைப் பூட்டிவிட்டு வெளியேறினார்கள். திரும்பி வந்தபோது பூட்டும் இல்லை, பூட்டப்பட்ட கதவும் இல்லை. கூரை ஓடுகளில் பாதி போயிருந்தது. நிலைகளைக்கூடப் பெயர்த்துக்கொண்டு போயிருந்தார்கள். பெயர்க்க முடியாமற் போனது அந்தச் சீமெந்துத் தட்டு ஒன்றுதான். தங்கை அதன்மேல் மூன்று கல்லை வைத்து அன்று தேநீர் போட்டாள். அந்தத் தட்டின் மீது அவளுக்கிருக்கும் பற்றுக்கு இதுவே காரணமென்று நினைக்கிறேன்; அவள் அப்படிச் சொன்னதில்லை. இன்று அதன் சிவப்பு மங்கிவிட்டது. பேசினுக்கு அருகில் கம்பி துருவேறி, சீமெந்து பொருக்குப் பொருக்காக வெடித்திருக்கிறது. மாற்றத்தான் வேண்டும்.

எந்தப் பொருள் உழைக்கும் என்று கேட்பதற்கு முன், அது எதைத் தாங்க வேண்டும் என்று கேட்பதே முறை. கடைக்காரரின் புத்தகத்தில் ஒரு கிண்ணத்தில் எலுமிச்சம்பழங்களும் ஒரு பூச்சாடியும் வைத்திருப்பார்கள். எங்கள் குசினியில் நடப்பது வேறு. காலையில் பின் வளைகுடாப் பக்கத்திலிருந்து மீன் வரும். கணவாயைக் கழுவினால் மை தெறிக்கும். தேங்காயைக் கத்தியின் முதுகால் அடித்து உடைப்பார்கள். அடி தப்பினால் தட்டின் விளிம்பில் விழும். பழப்புளி கரைப்பதும், தேசிக்காய் பிழிவதும், மஞ்சள் சிந்துவதும், தேங்காயெண்ணெய் வழிவதும் நாள் தவறாமல் நடப்பவை. கொதிக்கும் மண்சட்டியை இறக்கி வைப்பதற்குத் துணி தேடும் பொறுமை என் தங்கைக்கு ஒருநாளும் இருந்ததில்லை. இவற்றுக்கு மேல் காற்று வேறு. ஐப்பசியிலிருந்து தை வரை வாடைக்காற்று உப்பைச் சுமந்து வந்து சன்னல் கம்பியில் பூசிவிட்டுப் போகும். வைகாசி தொடக்கம் கச்சான் காற்று புழுதியை அள்ளிக் கொட்டும். துறைமுகத்தைச் சுற்றியுள்ள எந்த வீட்டிலும் இரும்பென்று சொல்லத்தக்க ஒன்று பத்து ஆண்டுகளுக்கு மேல் இரும்பாகவே இருப்பதில்லை.

இத்தனைக்கும் ஈடுகொடுப்பது எது?

மரத்தூள் பலகையின் மேல் மெல்லிய தகடு ஒட்டிய வகையை முதலில் ஒதுக்கிவிடலாம். ஃபோர்மைக்கா என்ற பெயரில் எல்லோருக்கும் தெரிந்தது. 1912 இல் அமெரிக்காவில் இருவர், மின்கருவிகளில் மைக்காவுக்குப் பதிலாகப் பயன்படுத்தக் கண்டுபிடித்த பொருள் அது. அதனாலேயே அந்தப் பெயரும் வந்தது. தகட்டில் குறையில்லை. அடியில் இருக்கும் பலகைதான் எங்கள் ஈரத்துக்குப் பாணைப்போல் ஊறிப் பெருக்கும். பேசின் ஓரத்தில் ஒருமுறை ஊறினால் அத்தோடு முடிந்தது. மிஞ்சியதைக் கறையான் பார்த்துக்கொள்ளும். கடையில் மலிவென்பதற்காக வாங்கி, நான்கு ஆண்டில் மீண்டும் வாங்குவது மலிவாகாது.

வெண்பளிங்கு பற்றியும் அதிகம் சொல்லத் தேவையில்லை. அது சுண்ணாம்பின் உறவு. தேசிக்காய்ச் சாறு பட்ட இடத்தில் பளபளப்பு உடனே போய்விடும். அது கறையன்று, கல்லே கரைந்த தழும்பு. எந்தச் சவர்க்காரத்துக்கும் போகாது. சுவாமி அறைக்குப் போடலாம்.

தரையோடு பதிக்கும் வழக்கம் ஊரில் நிறைய உண்டு. ஓடு நல்லதுதான், சூட்டையும் புளியையும் பொருட்படுத்தாது. ஓட்டுக்கும் ஓட்டுக்கும் இடையிலுள்ள கோடுதான் வில்லங்கம். மஞ்சள், மீன் கழுவிய நீர், கணவாய் மை எல்லாம் அந்தக் கோட்டில் குடியேறும். எப்பொக்சி வகைப் பூச்சால் இடைவெளியை நிரப்பினால் இந்தத் தொல்லை பெருமளவு குறையும். ஆனால் அதைச் செய்யத் தெரிந்தவர்கள் குறைவு. தெரியாதவர் செய்தால் ஓட்டின் முகமெல்லாம் பசையாகி நிற்கும். 2020 முதல் சில ஆண்டுகள் ஓடு இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டிருந்தபோது, உடைந்த ஒரே ஓட்டுக்குச் சோடி தேடி அலைந்தவர்களை எனக்குத் தெரியும். ஓடு போடுவோர் பத்து ஓட்டை மேலதிகமாக வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

துருப்பிடிக்காத உருக்கு பற்றி மருமகனும் கேட்டிருந்தார். உணவகங்களில் அதுதானே இருக்கிறது என்பது அவர் வாதம். நியாயமான வாதந்தான். ஆனால் "துருப்பிடிக்காத" என்ற பெயர்ச்சொல்லை நம்பிவிடக் கூடாது. பொதுவாக விற்கப்படும் 304 என்னும் தரத்தில் குரோமியம் ஏறத்தாழப் பதினெட்டுச் சதவீதமும் நிக்கல் ஏறத்தாழ எட்டுச் சதவீதமும் இருக்கும். உள்ளூரில் அது போதும். கடற்காற்றிலுள்ள குளோரைட்டு அதன் மீது மெல்ல மெல்லப் புள்ளி குத்தித் தேயிலைச் சாயம்போல் படரும். கடலோரத்துக்கு ஏற்றது, மொலிப்டினம் சேர்ந்த 316 என்னும் தரம், விலை கூடியது. அதைவிட முக்கியமானது, கடையில் காந்தத்தை ஒட்டிப் பார்த்து "ஒட்டவில்லை, ஆகவே நல்ல உருக்கு" என்று காட்டுவார்கள். நிக்கலைக் குறைத்து மங்கனீசைக் கூட்டிச் செய்யும் மலிவான 200 வரிசை உருக்கிலும் காந்தம் ஒட்டாது. காந்தச் சோதனை எதையும் நிரூபிப்பதில்லை.

இனி மருமகள் அனுப்பிய படத்துக்கு வருகிறேன். குவாட்ஸ் என்று கடைக்காரர் சொல்லும் இது, மலையிலிருந்து பெயர்த்த கல்லன்று. குவாட்ஸ் எனப்படும் படிகக் கல்லைப் பொடியாக்கி, பிசினும் நிறமும் சேர்த்து, அழுத்தி, சூடாக்கிச் செய்யும் பலகை. நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் படிகம், மீதி பிசின். இத்தாலியின் பிரேத்தோன் நிறுவனத்தின் இயந்திர முறையால் உலகெங்கும் பரவியது. அதன் நல்ல குணங்களை மறைக்க விரும்பவில்லை. நீரை உறிஞ்சாது. தேசிக்காய் அதனை ஒன்றும் செய்யாது. மஞ்சள் கறையை உடனே துடைத்தால் போய்விடும். ஒரே நிறத்தில், ஒரே வடிவில், எத்தனை வேண்டுமானாலும் கிடைக்கும். எளிதில் கீறல் விழாது. கனடாவில் அவள் வீட்டில் அது ஏன் பிடித்துப்போயிற்று என்பது புரிகிறது.

குறை பிசினில் இருக்கிறது. ஏறத்தாழ 150 பாகை செல்சியசுக்கு மேலான சூட்டில் பிசின் நிறம் மாறத் தொடங்கும். என் தங்கை இறக்கி வைக்கும் சட்டியின் அடி அதைவிடச் சூடானது. வெள்ளைப் பலகையில் மண்சட்டியின் வட்டம் மஞ்சளாகப் பதிந்தால், அதை அழிக்க வழியில்லை. வெயிலும் அப்படித்தான்; கிழக்கே திறந்த சன்னலோரத்தில் சில ஆண்டுகளில் வெண்மை பழுப்பாகும். அறுபத்தெட்டு வயதில் அவளைச் சட்டிக்கு மரத்தட்டு வைக்கும் பழக்கத்துக்குக் கொண்டுவருவதைவிட, கல்லை மாற்றுவது எளிது.

இது சிறிய குறை. பெரியது வேறொன்று. அதைச் சொல்லவே இவ்வளவு தூரம் வந்தேன்.

இப்பலகையை வெட்டும்போது எழும் தூசி, கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணிய படிகத் தூசி. மூச்சோடு உள்ளே போனால் நுரையீரலில் தங்கித் தழும்பாகும். சிலிக்கோசிஸ் என்பது அந்நோயின் பெயர். சுரங்கத் தொழிலாளருக்கும் கல்லுடைப்போருக்கும் பல பத்தாண்டுகளாகத் தெரிந்த நோய்தான். பொதுவாகப் பத்து, இருபது ஆண்டு கழித்தே தலைகாட்டும். இந்தப் பலகையை வெட்டியவர்களுக்கோ சில ஆண்டுகளிலேயே வந்தது. இதனைச் செய்வதில் முன்னோடியான நாடுகளில் ஒன்று இஸ்ரேல். அங்கு 1997 முதல் 2010 வரை நுரையீரல் மாற்று நிலையத்துக்கு அனுப்பப்பட்ட நோயாளருள் இருபத்தைந்து பேர் இக்கல்லை வெட்டியவர்கள் என்று மருத்துவர்கள் 2012 இல் எழுதினார்கள். பின்னர் ஸ்பெயினிலும் அவுஸ்திரேலியாவிலும் கலிபோர்ணியாவிலும் அதே கதை. அவர்களுள் நாற்பது வயதைத் தாண்டாத ஆண்களும் உண்டு, பலர் குடியேறிய கூலித் தொழிலாளர். நோய்க்கு மருந்தில்லை. இறுதியில் மிஞ்சுவது மாற்று நுரையீரல். அதுவும் எல்லோருக்கும் கிடைப்பதில்லை.

2024 யூலை முதலாந் திகதி தொடக்கம் அவுஸ்திரேலியா இப்பலகையைச் செய்வதையும், விற்பதையும், வெட்டுவதையும், பொருத்துவதையும் தடைசெய்தது. உலகில் இதைச் செய்த முதல் நாடு அதுதான். 2025 தொடக்கத்திலிருந்து இறக்குமதியும் தடை. (படிகம் ஒரு சதவீதத்துக்குக் குறைந்த வகைகள் அத்தடைக்குள் வரவில்லை; அத்தகைய பலகைகளும் இப்போது வந்திருக்கின்றன.) வளமான ஒரு நாடு, நீர் பாய்ச்சும் இயந்திரமும், முகக் கவசமும், தொழிற் பரிசோதகரும் உள்ள நாடு, "எங்களால் இதைப் பாதுகாப்பாக வெட்டுவிக்க முடியவில்லை" என்று ஒப்புக்கொண்டது. அப்படியானால் எங்கள் ஊரில் எப்படி வெட்டுகிறார்கள்?

அதைப் பார்க்கத்தான் முற்பகல் முழுவதும் நின்றேன். தகரக் கூரையின் கீழ் ஓர் இளைஞர், கையில் பிடிக்கும் வெட்டும் இயந்திரத்தோடு குந்தியிருந்தார். வாயைச் சுற்றி ஒரு கைக்குட்டை. அவருடைய தலை, புருவம், கண்ணிமை எல்லாம் வெண்மை. சீனன்குடா மா ஆலையிலிருந்து வேலை முடிந்து வருகிறவர் என்று யாரும் நினைத்துக்கொள்ளக்கூடும். இயந்திரத்தோடு ஒரு நீர்க்குழாயை இணைத்துவிட்டால் தூசியின் பெரும்பகுதி சேறாக நிலத்தில் விழுந்துவிடும். ஏன் செய்வதில்லை என்று கேட்டேன்.

"தண்ணி விட்டா கோடு தெரியாது ஐயா. வீட்டுக்காரரும் முற்றம் சேறாகுது எண்டு ஏசுவினம்" என்றார்.

முகக் கவசம் போடலாமே என்றேன். "போட்டா மூச்சு முட்டுது" என்று சிரித்தார். வயது இருபத்து நான்கு. இரவில் இருமல் உண்டா என்று கேட்டேன். "புழுதிதானே" என்றார். நான் மருத்துவனல்லன், அவருக்கு என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று சொல்லும் தகுதி எனக்கில்லை. அங்கு நின்ற மூன்று மணி நேரத்தில் என் மூக்குக்கண்ணாடியை நான்குமுறை துடைக்க வேண்டியிருந்தது என்பது மட்டும் தெரியும்.

எங்கள் நாட்டில் 1942 ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் இருக்கிறது. தூசி பற்றியும் அதில் இருக்கிறது. ஆனால் தகரக் கொட்டகையையும் வாடிக்கையாளர் வீட்டு முற்றத்தையும் எட்டிப் பார்க்கும் சட்டம் அது என்று எனக்குத் தோன்றவில்லை. வெளுத்ததெல்லாம் பால் என்று நம்பி நாம் கேட்கும் வெள்ளைக் கல்லை, யாரோ ஒரு பிள்ளை தன் மூச்சைக் கொடுத்து வெட்டித் தருகிறது.

மருமகள் உடனே கேட்கக்கூடிய எதிர்க்கேள்வி எனக்குத் தெரியும்: மலைக்கல்லை வெட்டினாலும் தூசி வருமே? வரும். கிரனைட் என்னும் கல்லிலும் படிகம் உண்டு; முப்பது சதவீதமளவில், சிலவற்றில் அதற்கும் கூடுதலாக. தொண்ணூறுக்கும் முப்பதுக்கும் உள்ள வேறுபாடு பெரிது, ஆனால் முப்பது என்பது சுழியம் அன்று. இங்குதான் கடைக்காரர் சொல்லாத ஒரு செய்தி பயன்படுகிறது. கடையில் கிரனைட் என்று பெயர் பெற்றவை எல்லாம் கிரனைட் அல்ல. பளபளக்கத் தேய்க்கக்கூடிய எந்தக் கடுங்கல்லையும் வியாபாரத்தில் அப்படித்தான் அழைப்பார்கள். ஆந்திராவின் பிரகாசம் மாவட்டத்தில், சீமக்குர்த்தி என்னும் ஊரில் வெட்டப்படும் 'பிளாக் கலக்சி' என்ற கரிய கல், பொன்னிறப் பொறி பறப்பதுபோல் இருக்கும். எங்கள் கடைகளிலும் அதைக் கண்டேன். புவியியலார் அதனைக் கப்ரோ என்ற வகையில் சேர்ப்பார்கள். தமிழ்நாட்டிலிருந்தும் கருநாடகத்திலிருந்தும் வரும் வேறு கரிய கற்கள் பல டொலரைட் வகை. இவ்வகைக் கருங்கற்களில் தனிப் படிகம் மிகக் குறைவு. அடர்த்தி கூடியவை, ஆதலால் எண்ணெய் ஊறுவதும் குறைவு. கொதிக்கும் சட்டியை நேரே வைக்கலாம். பூமிக்கடியில் உருகிய குழம்பாக இருந்த பொருள் சட்டிச் சூட்டுக்கு அஞ்சாது. வெட்டுபவருக்கும் தீங்கு குறைவு, வீட்டுக்காரிக்கும் வேலை குறைவு. இரண்டும் ஒரே கல்லில் சேர்வது அபூர்வம்.

குறையில்லாத கல்லும் இல்லை. எங்கள் கிணற்று நீர் உவர் கலந்தது. கரிய கல்லில் நீர்த்துளி காய்ந்தால் வெண்புள்ளியாகத் தெரியும். இரவில் ஒருமுறை துணியால் துடைக்க வேண்டும். இன்னொன்று, சில கற்களுக்குக் கறுப்புச் சாயம் பூசி விற்பதுண்டு. ஒரு வெள்ளைத் துணியில் தின்னர் நனைத்து மூலையில் தேய்த்துப் பாருங்கள். துணி கறுத்தால் கடையை விட்டு இறங்கிவிடலாம். கல்லின் மாதிரித் துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கி, ஒரு பக்கம் தேசிக்காய்ச் சாறும் மறுபக்கம் தேங்காயெண்ணெயும் விட்டு இரவு முழுவதும் வைத்துப் பார்ப்பது இன்னும் நல்லது. காலையில் சாறு பட்ட இடம் மங்கியிருந்தால் கல்லில் சுண்ணாம்பு கலந்திருக்கிறது. எண்ணெய் பட்ட இடம் கறுத்திருந்தால் அது உறிஞ்சும் கல். இந்தச் சோதனைக்குக் காசு வேண்டாம். கடைக்காரரின் முகச்சுளிப்பைத் தாங்கினாற் போதும்.

கல் உழைக்குமா என்று திருகோணமலையில் நின்று கேட்பது ஒரு வேடிக்கை. சுவாமி மலைமேல் இருந்த கோணேசர் கோயிலைப் போர்த்துக்கேயர் 1622 இல் இடித்து, அந்தக் கற்களைக் கொண்டே கோட்டை கட்டினார்கள். இணைக்கயலும் தமிழெழுத்தும் பொறித்த கல் இன்றும் கோட்டை வாசலில் நிற்கிறது. வாடையும் கச்சானும் நானூறு ஆண்டாக அதில் மோதிக்கொண்டிருக்கின்றன.

சீமெந்தை நான் கைவிடவில்லை. கைவிட்டால் தங்கை என்னைக் கைவிட்டுவிடுவாள். எங்கள் ஊருக்குச் சீமெந்து வெளியிலிருந்து வந்த பொருளுமன்று. காங்கேசன்துறை ஆலை 1990 இல் போரால் நின்றுபோன பின், வடக்குக் கிழக்கில் சீமெந்து என்றால் திருகோணமலைதான். 1982 இல் தொடங்கப்பட்ட டோக்கியோ சீமெந்து நிறுவனத்தின் ஆலை துறைமுகத்தை ஒட்டியே இருக்கிறது; கிளிங்கர் கப்பலில் வந்து இறங்கி அங்கே அரைபடுகிறது. மணலோ மகாவலி கொண்டுவந்து போடுவது. கொட்டியாரக் குடாவில் கடலோடு சேருமுன் அந்த ஆறு விட்டுச் செல்லும் மணலை நம்பிக் கிண்ணியாவிலும் மூதூரிலும் எத்தனையோ குடும்பங்கள் வாழ்கின்றன.

தங்கையின் தட்டு ஏன் வெடித்தது என்று மேசன் ஒருவரைக் கூட்டிவந்து காட்டினேன். ஒரு துண்டைப் பெயர்த்துப் பார்த்துவிட்டு, கம்பி மேலே வந்துவிட்டது என்றார். மூன்று அங்குலத் தட்டில் கம்பி நடுவுக்குக் கீழே, அடிப்பக்கத்திலிருந்து ஓர் அங்குலமாவது சீமெந்து மூடியிருக்கும்படி கிடக்க வேண்டும். வார்க்கும்போது யாரோ காலால் மிதித்தோ, கட்டை வைக்க மறந்தோ அது இடம் மாறிவிட்டது. பேசின் ஈரமும் உப்பும் உள்ளே போயின. துருவேறிய இரும்பு பருத்து, மூடியிருந்த சீமெந்தைத் தள்ளி உடைத்தது. மணலில் கடல் மணல் கலந்திருந்தாலும் இதே கதிதான். கழுவிய ஆற்று மணல், நிலக்கரிச் சாம்பல் கலந்த சீமெந்து (உப்பை இது கூடுதலாகத் தாங்கும்), கம்பிக்கு அடியில் கட்டை, வார்த்தபின் ஏழு நாளாவது ஈரச்சாக்கு. இவ்வளவுதான் வித்தை. கச்சான் காலத்தில் வார்த்தால் சாக்கை நாளுக்கு நான்குமுறை நனைக்க வேண்டும். மறந்தால் மாலையிலேயே மயிரிழை வெடிப்பு விழும்.

சீமெந்துக்கும் தேசிக்காய் பகைதான். அதிலும் சுண்ணாம்பு இருக்கிறதே. தங்கையின் தட்டில் புளி பிழியும் மூலை சொரசொரத்துப் போயிருப்பது அதனால்தான். மெழுகு பூசலாம், மாதந்தோறும் பூச வேண்டும். ஆகவே உள்ளே சமைக்கும் இடத்துக்குச் சீமெந்தை மட்டும் போடச் சொல்ல மாட்டேன். ஆனால் வெளியே?

இதை மருமகள் எதிர்பார்த்திருக்க மாட்டாள். எங்கள் வீடுகளில் இப்போதெல்லாம் இரண்டு குசினி. உள்ளே பான்ட்ரி அலுமாரியோடு ஒன்று, படம் எடுப்பதற்கு. பின்னால் தகரத்தின் கீழ் ஒன்று, சமைப்பதற்கு. மீன் வெட்டுவதும், புட்டு அவிப்பதும், பெரிய பானை ஏற்றுவதும் பின்னால்தான். 2022 இல் எரிவாயுக் கொள்கலனுக்காக நாட்கணக்காக வரிசையில் நின்ற காலத்தில் முன் குசினிகள் எல்லாம் ஊமையாகிவிட்டன. பிசின் பலகையின் மேல் விறகடுப்பு மூட்ட முடியுமா? என் தங்கை அந்த மாதங்களில் வெடித்துப்போன அதே சிவப்புத் தட்டின் ஒரு மூலையில் செங்கல் அடுக்கி, விறகில் சமைத்தாள். அயல்வீட்டார் இருவரும் அங்கே வந்துதான் பால் காய்ச்சினார்கள். நெருக்கடி திரும்ப வராது என்று எனக்கு யாரும் எழுதித் தரவில்லை. அதனால் பின் குசினிக்குத் தடித்த சீமெந்துத் தட்டு. விறகும் மீனும் அதன்மேல். உள்ளே கரிய கல், பலகை அலுமாரியின் மேலன்று, செங்கற் சுவரும் சீமெந்துத் தட்டும் தாங்க அதன்மேல். இருபது மில்லிமீற்றர் கல்லுக்கு அடியில் முழுத்தாங்கல் இருந்தால் தேங்காய் அடி தப்பினாலும் கல் உடையாது. அடுப்புக்காகக் கல்லில் பெருந்துளை வெட்டிப் பதிக்கும் நாகரிகம் வேண்டாம். துளையின் மூலையில்தான் கல் முதலில் விரியும். அடுப்பு மேலேயே இருக்கட்டும்.

உயரம் பற்றியும் ஒரு சொல். கனடாவில் முப்பத்தாறு அங்குலம் வழக்கம் என்று அவர்களுடைய வரைபடத்தில் அதையே போட்டிருந்தார்கள். தங்கை ஐந்தடிக்கு ஓர் அங்குலம் குறைவு. முப்பத்தாறில் அவள் தோளைத் தூக்கிக்கொண்டு வெங்காயம் வெட்ட வேண்டும். நிற்கச் சொல்லி, முழங்கையை மடக்கச் சொல்லி, அதிலிருந்து நான்கு அங்குலம் கீழே பென்சிலால் சுவரில் கோடு போட்டேன். முப்பத்திரண்டு வந்தது. எந்தக் கல் என்பதைவிட இந்தக் கோடு அவளுடைய முதுகுக்கு முக்கியம் என்று நினைக்கிறேன்.

இத்தனையும் எழுதி அனுப்பினேன். இரண்டு நாள் பதிலில்லை. பிறகு தொலைபேசியில் வந்தாள். வெள்ளைக் கல் இல்லையென்றால் குசினி இருட்டாக இருக்குமே என்றாள். சுவருக்கு வெள்ளை ஓடு போடலாம், கிழக்குச் சன்னலை ஓரடி அகலமாக்கலாம் என்றேன். சற்று மௌனமாக இருந்துவிட்டு, "மாமா, எங்கள் வீட்டுக் கல்லை வெட்டினவருக்கும் அப்படித்தான் இருந்திருக்குமா?" என்று கேட்டாள். எனக்குத் தெரியாது என்றேன். அங்கே நீர் பாய்ச்சித்தான் வெட்டியிருப்பார்கள் என்று சொல்லத் தோன்றியது, உறுதியில்லாததால் சொல்லவில்லை.

கல்லுக்கு முற்பணம் கொடுத்தாயிற்று. வெட்டுகிற இளைஞரிடம் ஒரு நிபந்தனை: நீர்க்குழாயுள்ள இயந்திரத்தால்தான் வெட்ட வேண்டும், முற்றம் சேறானால் யாரும் ஏசப் போவதில்லை. அந்த இயந்திரத்தின் நாள் வாடகையையும், தூசி புகாத நல்ல முகக் கவசம் இரண்டின் விலையையும் மருமகள் தன் கணக்கில் சேர்த்துக்கொண்டாள். கல்லின் விலையோடு ஒப்பிட்டால் அது ஒரு கிலோ சூரை மீனுக்குக் கறிவேப்பிலை வாங்குவது போன்ற செலவு. கவசத்தை அவர் போடுவாரா என்பதை வேலை நாளன்று நேரில் போய்ப் பார்க்க எண்ணியிருக்கிறேன்.

தங்கை இந்த விவாதத்தில் ஒரு வார்த்தையும் பேசவில்லை. நேற்று மாலை நான் புறப்படும்போது மட்டும் படலை வரை வந்தாள்.

"அண்ணா, விளிம்பை இரண்டு அங்குலமாவது வெளியில நீட்டச் சொல்லுங்கோ. துருவலை பூட்ட வேணும்."

யாருக்குமே தோன்றவில்லை. மேசையில் பூட்டும் தேங்காய்த் துருவலையின் திருகு கல்லின் ஓரத்தை நெரித்தால் ஒரு மாதத்தில் சில்லுத் தெறிக்கும். இன்று காலை மேசனிடம் போய், ஒரு மூலையில் கல்லுக்குப் பதிலாக ஒரு முழ நீளத்துக்கு முதிரைப் பலகை பதித்துத் தருமாறு கேட்டிருக்கிறேன்.